$ரெஃப் எழுதினேன், வரையறை வரவில்லை: ஓபன்ஏபிஐ பிழைகளை அறிகுறி பார்த்து நீக்குவது

பார்சல் புக்கிங்குக்கான ஏபிஐ ஒன்று. நோடின் எக்ஸ்பிரஸ் ஃபிரேம்வொர்க்கில் எழுதியது, நாற்பதுக்கும் மேற்பட்ட ரூட்கள் (கோரிக்கை வரும் பாதைகள்). ஒவ்வொரு ரூட்டின் தலைமேலும் ஸ்வாகர்-ஜேஎஸ்டாக் கமெண்ட். அந்தக் கமெண்ட்களைப் படித்து, ஏபிஐ எதை வாங்கும், எதைத் தரும் என்று விவரிக்கும் ஓபன்ஏபிஐ ஆவணத்தைச் செய்யும் நூலகம் அது. '401 வந்தால் இப்படி, 404 வந்தால் இப்படி' என்று அதே பன்னிரண்டு வரிகள் ஒவ்வொன்றிலும். ஒருநாள் எரர் பதிலில் புதிதாக ஒரு ஃபீல்டு சேர்க்கச் சொன்னார்கள். எல்லா இடத்திலும் திருத்தியதாக நினைத்து மூன்றை விட்டுவிட்டேன். திட்டு வாங்கிய கையோடு, திரும்பத் திரும்ப வருவதை எல்லாம் பொது வரையறைகளாகப் பிரித்துத் தனி ஃபோல்டரில் போட்டு, ரூட்களில் $ரெஃப் எழுதி அவற்றைச் சுட்டினேன். மறுநாள் காலையில், ஆவணத்தைப் பிரவுசரில் காட்டும் ஸ்வாகர் யூஐ பக்கம் முழுக்கச் சிவப்பு.

அந்தச் சிவப்பில் தொடங்கி, பிறகு வேறு வேறு பிராஜெக்ட்களில் பார்த்த கோளாறுகள் வரை இங்கே சேர்த்திருக்கிறேன். உங்கள் திரையில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். கோட் வார்த்தைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

போகும் முன் ஒன்று. $ரெஃப் என்பது இம்போர்ட் அல்ல, வேரியபிளும் அல்ல. அது வெறும் விலாசம். '#/காம்பொனன்ட்ஸ்/ஸ்கீமாஸ்/அட்ரஸ்' என்றால், # குறி 'இதே ஆவணத்தில்' என்கிறது. ஒவ்வொரு சாய்கோடும் ஒரு படி உள்ளே போகச் சொல்கிறது. காம்பொனன்ட்ஸ் என்பது பொது வரையறைகள் இருக்கும் பகுதி; ஸ்கீமா என்றால் டேட்டாவின் வடிவம். உறைமேல் விலாசம் எழுதுகிறவருக்கு அந்த வீடு இருக்கிறதா, இடித்துவிட்டார்களா என்பது தெரியாது. தபால்காரர் தெருவில் போய் நின்ற பிறகுதான் தெரியும். கோட் எழுதும்போது எடிட்டர் சும்மா இருந்துவிட்டு, பிரவுசரில் திறந்த பிறகு எரர் வருவது இதனால்தான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: கமெண்ட்டைப் பார்க்காதீர்கள், அதிலிருந்து உருவான முழு ஜேசனைப் பாருங்கள். ஸ்வாகர்-ஜேஎஸ்டாக் திருப்பித் தரும் ஆப்ஜெக்டை அப்படியே அனுப்பும் ஒரு ரூட்டைப் போட்டு வையுங்கள், அல்லது கோப்பில் எழுதிவிடுங்கள். அதில் 'காம்பொனன்ட்ஸ்' என்று தேடுங்கள். வரையறை அங்கே இருக்கிறதா? இருந்தால், விலாசமும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா? முக்கால்வாசிப் பிரச்சினை இந்த இரண்டு கேள்வியில் தீர்ந்துவிடும். நான் அன்றைக்கு ரூட் கமெண்ட்டையே இரண்டு மணி நேரம் வெறித்துப் பார்த்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை.

'குட் நாட் ரிசால்வ் ரெஃபரன்ஸ்' என்று சிவப்புப் பெட்டி வருகிறது

செய்தியின் கடைசி வரியைப் படியுங்கள். இன்ன பாயின்டர் ஆவணத்தில் இல்லை என்று விலாசத்தோடு சொல்லும். அந்த விலாசத்தை நகலெடுத்து, உருவான ஜேசனில் படிப்படியாக இறங்கிப் பாருங்கள். எந்தப் படியில் கால் இடறுகிறதோ அங்கேதான் காரணம்.

காம்பொனன்ட்ஸ் பகுதியே காலியாக இருந்தால், வரையறைகள் உள்ள கோப்பை நூலகம் படிக்கவே இல்லை. ஸ்வாகர்-ஜேஎஸ்டாக்குக்குக் கொடுக்கும் அமைப்பில் 'ஏபிஐஸ்' என்ற பட்டியல் இருக்கும். எந்தெந்தக் கோப்புகளைத் துழாவ வேண்டும் என்பதை அது சொல்கிறது. என் கதையில் நடந்தது இதுதான்: பட்டியலில் ரூட்கள் ஃபோல்டர் மட்டும் இருந்தது, வரையறைகளை நான் புதிதாகப் போட்ட ஃபோல்டர் இல்லை. ரூட் கோப்பிலிருந்து அதை ரிக்வயர் செய்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். போதாது. நூலகம் உங்கள் கோடை ஓட்டிப் பார்ப்பதில்லை. கோப்பை வெறும் எழுத்தாகப் படித்துக் கமெண்ட்களைப் பிரித்தெடுக்கிறது, அவ்வளவுதான்.

கோப்பு பட்டியலில் இருந்தும் வரவில்லையா? கமெண்ட் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். சாய்கோட்டுக்குப் பின் இரண்டு நட்சத்திரம் வேண்டும். ஒரே நட்சத்திரம் என்றால் அது சாதாரண கமெண்ட், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உள்ளே '@ஓபன்ஏபிஐ' அல்லது '@ஸ்வாகர்' என்ற அடையாளமும் இருக்க வேண்டும். அப்புறம் உள்தள்ளல். கமெண்ட்டுக்குள் இருப்பது யாம்ல், உள்தள்ளலை வைத்தே எது எதற்குள் என்று சொல்லும் எழுத்து முறை. அங்கே டேப் கூடாது, ஸ்பேஸ்தான். ஒரு வரி இரண்டு ஸ்பேஸ் தள்ளிப் போனால் 'ஸ்கீமாஸ்' போய் 'காம்பொனன்ட்ஸு'க்கு வெளியே நின்றுகொள்ளும்.

இந்த மாதிரி யாம்ல் பிழைகளில் ஸ்வாகர்-ஜேஎஸ்டாக்குக்கு ஒரு கெட்ட பழக்கம்: கன்சோலில் முணுமுணுத்துவிட்டு, அந்தப் பகுதியை விட்டுவிட்டு மேலே போய்விடும். சர்வர் தொடங்கும்போது ஓடும் நூறு வரி லாகில் அது யார் கண்ணில் படும்? 'ஃபெயில்ஆன்எரர்ஸ்' என்ற ஆப்ஷனை ட்ரூ ஆக்கிவிடுங்கள். பிழை இருந்தால் அங்கேயே விழட்டும். இது இயல்பாகவே ட்ரூ ஆக இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

வரையறை இருக்கிறது, ஆனால் விலாசம் பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் பழைய பாடத்தின் எச்சம். 2014இல் வந்த ஸ்வாகர் 2.0இல் பொது ஸ்கீமாக்கள் ஆவணத்தின் மேல்மட்டத்தில் 'டெஃபினிஷன்ஸ்' என்ற பெயரில் இருந்தன. 2016இல் அந்தத் தரத்தின் பெயர் ஓபன்ஏபிஐ ஆனது. 2017இல் வந்த 3.0 எல்லாவற்றையும் 'காம்பொனன்ட்ஸ்' என்ற ஒரே கூரையின் கீழ் ஒன்பது அறைகளாகப் பிரித்தது: ஸ்கீமாஸ், ரெஸ்பான்ஸஸ், பாராமீட்டர்ஸ், எக்ஸாம்பிள்ஸ், ரிக்வெஸ்ட்பாடீஸ், ஹெடர்ஸ், செக்யூரிட்டிஸ்கீம்ஸ், லிங்க்ஸ், கால்பேக்ஸ். இணையத்தில் தேடினால் இன்னமும் '#/டெஃபினிஷன்ஸ்/' என்று தொடங்கும் துணுக்குகள்தான் நிறையக் கிடைக்கின்றன. அதை 3.0 ஆவணத்தில் ஒட்டினால் வேலை செய்யாது. இன்னொன்று: சிறிய எழுத்து, பெரிய எழுத்து வேறு வேறு. 'ரிக்வெஸ்ட்பாடீஸ்' என்பதன் நடுவில் பெரிய 'பி'. இதில் நான் மட்டும் மூன்று முறை விழுந்திருக்கிறேன்.

எரரே இல்லை, ஆனால் அந்த இடம் காலியாக இருக்கிறது

சிவப்புப் பெட்டியைவிட இது மோசம். ஜேசனில் பார்த்தால் $ரெஃப் எதிரே நல் (மதிப்பே இல்லை) என்று இருக்கும். கமெண்ட்டில் இப்படி எழுதியிருப்பீர்கள்:

ஸ்கீமா:
  $ரெஃப்: #/காம்பொனன்ட்ஸ்/ஸ்கீமாஸ்/பார்சல்

யாம்லில் ஸ்பேஸுக்குப் பின் வரும் # குறி கமெண்ட்டின் தொடக்கம். அதனால் அந்த வரி யாம்ல் கண்ணுக்கு '$ரெஃப்:' என்பதோடு முடிந்துவிட்டது, மிச்சமெல்லாம் குறிப்பு. விலாசத்தை மேற்கோள் குறிக்குள் போடுங்கள்:

ஸ்கீமா:
  $ரெஃப்: '#/காம்பொனன்ட்ஸ்/ஸ்கீமாஸ்/பார்சல்'

ஜேசனில் எழுதிப் பழகியவர்களுக்கு மேற்கோள் குறி தானாக வந்துவிடும். யாம்லில் எங்கும் மேற்கோள் இல்லாமல் எழுதிப் பழகிய கைதான் இங்கே மாட்டும்.

காலியாகத் தெரிய இன்னொரு காரணமும் உண்டு: விலாசம் சரி, ஆனால் தப்பான அறை. ரெஸ்பான்ஸ் எதிர்பார்க்கும் இடத்தில் ஸ்கீமாவைச் சுட்டினால், விலாசத்தில் ஆள் இருப்பதால் 'ரிசால்வ்' ஆகிவிடும்; ஆனால் வந்தவர் வேறு ஆள். '404' என்பதன் கீழே நேராக $ரெஃப் போட்டால் அது 'ரெஸ்பான்ஸஸ்' அறையைச் சுட்ட வேண்டும். ஸ்கீமாவைச் சுட்ட வேண்டுமானால் '404', அதற்குள் கன்டென்ட், அதற்குள் அப்ளிகேஷன்/ஜேசன், அதற்குள் ஸ்கீமா, அங்கே $ரெஃப். பாராமீட்டர்ஸ் என்பது பட்டியல் என்பதால் ஒவ்வொரு $ரெஃப்புக்கும் முன்னால் ஒரு சிறு கோடு வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

என் கணினியில் வருகிறது, சர்வரில் ஒன்றும் இல்லை

மூன்று காரணங்களைப் பார்த்திருக்கிறேன்.

'ஏபிஐஸ்' பட்டியலில் இருக்கும் பாதைகள், நோட் எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓடுகிறதோ அதிலிருந்து கணக்காகின்றன. உங்கள் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து அல்ல. உங்கள் கணினியில் பிராஜெக்ட்டின் வாசலில் நின்று ஓட்டுகிறீர்கள். சர்வரில் பிராசஸ் மேனேஜர் வேறெங்கோ நின்று ஓட்டுகிறது. பாதையை '__டிர்நேம்' உடன் சேர்த்து முழுப் பாதையாகக் கொடுத்துவிடுங்கள்.

டைப்ஸ்கிரிப்ட் என்றால், பட்டியலில் 'எஸ்ஆர்சி' ஃபோல்டரின் டிஎஸ் கோப்புகள் இருக்கும். டாக்கர் இமேஜில் பில்ட் ஆன 'டிஸ்ட்' மட்டும்தான் போகும். படிக்கக் கோப்பே இல்லை.

மூன்றாவதுதான் ஆளைக் குழப்பும். பாதை சரி, கோப்பும் இருக்கிறது, ஆனால் உள்ளே கமெண்ட் இல்லை. டிஎஸ்கான்ஃபிக்கில் 'ரிமூவ்கமெண்ட்ஸ்' ட்ரூ என்று இருந்தால், பில்ட் ஆகும்போது உங்கள் ஆவணம் முழுக்கக் குப்பைக்குப் போகிறது. கோடைச் சுருக்கும் பண்ட்லர்களும் இதையே செய்யும். கம்பைலரைக் குறை சொல்ல முடியாது. கமெண்ட் என்றால் கமெண்ட்தானே. ஒரு பழைய பிராஜெக்ட்டில் யாரோ ஒரு நல்லவர் 'பில்ட் அளவு குறையட்டும்' என்று இந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தார். ஆவணப் பக்கம் காலியாகி மூன்று வாரம் கழித்துத்தான் யாரோ கேட்டார்கள். அந்தப் பக்கத்தை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதும் அன்றைக்குத் தெரிந்துபோனது.

இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து: ஓடும்போது உருவாக்காதீர்கள். பில்ட் நேரத்தில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் மூலம் மூலக்கோடைப் படித்து, ஜேசன் கோப்பாக எழுதிவிடுங்கள். சர்வர் அந்தக் கோப்பை மட்டும் காட்டட்டும்.

$ரெஃப்புக்குப் பக்கத்தில் எழுதிய விளக்கம் காணோம்

எனக்கு அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. பார்சலுக்கு அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி என்று இரண்டு. இரண்டுக்கும் அதே அட்ரஸ் ஸ்கீமா. பகிர்ந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது. இப்படி எழுதுவோம்:

அனுப்புநர்:
  $ரெஃப்: '#/காம்பொனன்ட்ஸ்/ஸ்கீமாஸ்/அட்ரஸ்'
  டிஸ்கிரிப்ஷன்: பார்சலை எடுக்க வேண்டிய முகவரி

பெறுநருக்கும் அப்படியே, 'பார்சலைச் சேர்க்க வேண்டிய முகவரி' என்று. பக்கத்தைத் திறந்தால் இரண்டு இடத்திலும் அட்ரஸ் ஸ்கீமாவின் சொந்த விளக்கம்தான் இருக்கும். நீங்கள் எழுதியது போன இடம் தெரியாது.

இது நூலகத்தின் பிழை அல்ல. ஓபன்ஏபிஐ 3.0 தெளிவாகவே சொல்கிறது: $ரெஃப் இருக்கும் ஆப்ஜெக்டில் வேறு எது இருந்தாலும் அதைக் கண்டுகொள்ளக் கூடாது. விலாசம் எழுதிய உறையின்மேல் வேறு சேதி எழுதினால் தபால்காரர் படிப்பதில்லை.

3.0இலேயே இருக்க வேண்டிய கட்டாயம் என்றால் ஆல்ஆஃப் ('பட்டியலில் உள்ள எல்லா ஸ்கீமாவும் பொருந்த வேண்டும்') கொண்டு சுற்றிவிடுங்கள்:

அனுப்புநர்:
  டிஸ்கிரிப்ஷன்: பார்சலை எடுக்க வேண்டிய முகவரி
  ஆல்ஆஃப்:
    - $ரெஃப்: '#/காம்பொனன்ட்ஸ்/ஸ்கீமாஸ்/அட்ரஸ்'

இப்போது $ரெஃப் தனியாக ஓர் ஆப்ஜெக்டில் இருக்கிறது. விளக்கம் அதற்கு வெளியே. ஒரே உறுப்பை வைத்து ஆல்ஆஃப் எழுதுவது பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, உலகம் முழுக்க அப்படித்தான் எழுதுகிறார்கள்.

2021 பிப்ரவரியில் வந்த 3.1இல் இந்த வலி குறைந்தது. ஸ்கீமா பகுதி ஜேசன் ஸ்கீமாவின் 2020-12 வடிவத்தோடு ஒத்துப்போனதால், ஸ்கீமாவுக்குள் $ரெஃப் பக்கத்தில் எதையும் எழுதலாம். பாராமீட்டர், ரெஸ்பான்ஸ் போன்ற மற்ற இடங்களில் சம்மரி, டிஸ்கிரிப்ஷன் இரண்டை மட்டும் மாற்றி எழுத அனுமதி உண்டு. ஆனால் ஆவணத்தின் தலையில் 3.1.0 என்று மாற்றும் முன், அதைப் படிக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்வாகர் யூஐக்கே 5ஆம் பதிப்பில்தான் 3.1 ஆதரவு வந்தது. உங்கள் கிளையன்ட் கோடை உருவாக்கும் கருவி இன்னும் 3.0இலேயே நிற்கலாம்.

இதே குடும்பத்தில் இன்னொரு தொல்லை, நல் மதிப்பு. பெறுநர் முகவரி சில சமயம் நல் ஆக வரலாம் என்று சொல்ல, $ரெஃப் பக்கத்தில் 'நல்லபிள்: ட்ரூ' எழுதினால் 3.0இல் அதுவும் காற்றில் போகும். ஆல்ஆஃப் சுற்றி, வெளியே நல்லபிள் போட்டால் பல கருவிகள் ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் கறாராகப் பார்த்தால் அது செல்லாது: ஆல்ஆஃப் கட்டுப்பாட்டைக் கூட்டும், தளர்த்தாது, உள்ளே அட்ரஸ் 'நான் ஆப்ஜெக்ட் மட்டும்தான்' என்று நிற்கும்போது வெளியே நல்லுக்குக் கதவு திறந்து பயனில்லை. 3.1இல் நல்லபிள் என்பதே கிடையாது. எனிஆஃப் ('ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்') கீழே ஒரு வரியில் $ரெஃப், இன்னொரு வரியில் 'டைப்: "நல்"'. அந்த நல்லுக்கு மேற்கோள் குறி கட்டாயம். இல்லாவிட்டால் யாம்ல் அதை நல் என்ற சொல்லாக எடுக்காமல் உண்மையான நல்லாகவே எடுத்துக்கொண்டு, டைப் எதுவும் தராதது போல் ஆக்கிவிடும்.

ஒரு வரையறையைத் திருத்தினால் சம்பந்தமில்லாத இன்னொன்று மாறுகிறது

பெயர் மோதல். பார்சல் கோப்பில் 'ஸ்டேட்டஸ்' என்று ஒருவர் எழுதியிருப்பார்; பேமென்ட் கோப்பில் இன்னொருவரும் 'ஸ்டேட்டஸ்' என்றே எழுதியிருப்பார். கோப்பு வேறாக இருந்தாலும் காம்பொனன்ட்ஸ் அறை ஒன்றுதான். ஒரு பெயருக்கு ஓர் ஆள்தான். எங்கள் பிராஜெக்ட்டில் இரண்டும் கலந்தே போயின: பேமென்ட் ஸ்டேட்டஸில் 'டெலிவரி ஆன நேரம்' என்ற ஃபீல்டு இருந்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

கிளாஸிலிருந்து ஸ்கீமாவைத் தானாக எடுக்கும் ஃபிரேம்வொர்க்குகளில் இதற்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகம் காட்டும். டாட்நெட்டில் ஸ்வாஷ்பக்கிள் நேர்மையாகவே விழுந்துவிடும்: இந்த ஸ்கீமாஐடியை ஏற்கெனவே இன்னொரு டைப் எடுத்துக்கொண்டது என்று எரர் தரும். 'கஸ்டம்ஸ்கீமாஐடீஸ்' மூலம் முழுப் பெயரைப் பயன்படுத்தச் சொன்னால் தீரும். ஆனால் கிளாஸுக்குள் கிளாஸ் இருந்தால் முழுப் பெயரில் + குறி வந்துவிடும், அதைப் புள்ளியாக மாற்றிவிடுங்கள். ஜாவாவின் ஸ்பிரிங்டாக்கில் வேறு வேறு பேக்கேஜில் ஒரே பெயருள்ள கிளாஸ்கள் இருந்தால் ஒன்று மற்றதை விழுங்கும்; 'ஸ்பிரிங்டாக்.யூஸ்-எஃப்க்யூஎன்' ஆப்ஷன் இருக்கிறது, அல்லது @ஸ்கீமாவில் தனிப் பெயர் கொடுக்கலாம். நான் இரண்டாவதையே செய்வேன். முழு பேக்கேஜ் பெயரோடு வரும் ஸ்கீமாவை வெளியாள் படிக்கச் சகிக்காது.

பைத்தானில் ஃபாஸ்ட்ஏபிஐக்காரர்கள் பயப்படும் ஒன்று பிழையே அல்ல. மாடல்களை எழுத உதவும் பைடான்டிக் நூலகத்தின் 2ஆம் பதிப்புக்கு மாறியதும் 'ஐட்டம்' என்ற ஒரே மாடல், 'ஐட்டம்-இன்புட்', 'ஐட்டம்-அவுட்புட்' என்று இரண்டாகப் பிளந்து நிற்கும். இயல்பு மதிப்புள்ள ஃபீல்டை அனுப்பும்போது விட்டுவிடலாம். திரும்பி வரும்போது அது கட்டாயம் இருக்கும். இரண்டும் உண்மையிலேயே வேறு வடிவங்கள், அதைத்தான் அது சொல்கிறது. உருவாக்கிய கிளையன்ட் கோட் இதனால் உடைகிறதென்றால், 0.102.0 பதிப்பிலிருந்து 'செபரேட்_இன்புட்_அவுட்புட்_ஸ்கீமாஸ்' என்பதை ஃபால்ஸ் ஆக்கி ஒன்றாக்கலாம்.

பெயரில் என்னென்ன வரலாம் என்பதற்கும் வரம்பு உண்டு: ஆங்கில எழுத்து, எண், புள்ளி, சிறு கோடு, அடிக்கோடு. அவ்வளவே. அதனால்தான் ஜெனரிக் கிளாஸின் < > குறிகள் அப்படியே வந்தால் ஆவணத்தைச் சோதிக்கும் செக்கர் கத்துகிறது. 'வாடிக்கையாளர்' என்று தமிழில் ஸ்கீமாவுக்குப் பெயர் வைக்கவும் முடியாது. உள்ளே இருக்கும் ஃபீல்டுகளுக்கு வைக்கலாம். இது என்ன நியாயமோ.

நெஸ்ட்ஜேஎஸ்: கெட்ஸ்கீமாபாத் கொடுத்தும் வரையறை இல்லை

பக்கம் பக்கமாகப் பதில் தரும்போது, உள்ளே இருக்கும் டைப் மட்டும் மாறும்படி ஒரு பொது உறை செய்துகொள்வோம். 'கெட்ஸ்கீமாபாத்' விலாசத்தைச் சரியாகத்தான் தரும். ஆனால் எந்தக் கன்ட்ரோலரும் அந்த டிடிஓவை (டேட்டாவின் வடிவத்தைச் சொல்லும் கிளாஸ்) நேராகத் தொடாததால் வீடு கட்டப்படவே இல்லை. '@ஏபிஐஎக்ஸ்ட்ராமாடல்ஸ்' போட்டு அதைப் பதிவு செய்யுங்கள். தன்னையே சுட்டும் டிடிஓ என்றால் டைப்பை நேராகக் கொடுக்காமல் அம்புக்குறிச் செயல்பாடாகக் கொடுங்கள். இல்லாவிட்டால் சர்குலர் டிபெண்டன்ஸி என்று சொல்லி ஆப் தொடங்காது.

'கன்வர்ட்டிங் சர்குலர் ஸ்ட்ரக்சர் டு ஜேசன்'

கிளை அலுவலகத்துக்குள் துணைக்கிளைகள், அவையும் அதே ஸ்கீமா. ஓபன்ஏபிஐயில் இது முழுக்கச் சரி. தப்பு, அதை யாரோ 'டிரெஃபரன்ஸ்' செய்ததில் இருக்கிறது: விலாசம் இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் வீட்டையே தூக்கிவந்து வைக்கும் வேலை அது. தனக்குள் தன்னையே வைத்தால் முடிவில்லை. உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் 'பண்டில்': வெளிக்கோப்புகளை ஒரே ஆவணத்துக்குள் கொண்டுவந்து, விலாசங்களை விலாசமாகவே விட்டுவிடும்.

வரையறைகளைத் தனித்தனி யாம்ல் கோப்புகளாகப் பிரித்து வைத்திருப்பவர்களுக்கும் இதுவே வழி. அங்கே பாதை, $ரெஃப் எழுதிய கோப்பின் இடத்திலிருந்து கணக்காகும். பண்டில் செய்யாமல் அப்படியே விட்டால் பிரவுசர் ஒவ்வொரு கோப்பையும் தேடிப் போய் 404 வாங்கிக்கொண்டு வரும். அப்புறம், ரூட்டின் பாதையையே விலாசத்தில் சுட்ட வேண்டி வந்தால், பாதைக்குள் இருக்கும் சாய்கோட்டுக்குப் பதில் ~1 என்றும், ~ குறிக்கே ~0 என்றும் எழுத வேண்டும். ஆர்எஃப்சி 6901 வகுத்த முறை அது. அப்படிச் சுட்ட வேண்டி வருகிறதென்றால், அந்தத் துண்டைக் காம்பொனன்ட்ஸுக்கு நகர்த்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

செக்யூரிட்டிக்கு $ரெஃப் வேலை செய்யவில்லை

செய்யாது. பேரர் டோக்கன் வரையறை 'செக்யூரிட்டிஸ்கீம்ஸ்' அறையில் இருந்தாலும், ரூட்டின் 'செக்யூரிட்டி' பட்டியலில் அதன் வெறும் பெயரை மட்டும் எழுதி எதிரே காலிப் பட்டியல் வைக்க வேண்டும். இங்கே விலாசம் கிடையாது, பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான். டேக்குகளும் அப்படியே.

பொது ஸ்கீமாவை விரிவாக்கினால் சரியான டேட்டாவும் நிராகரிக்கப்படுகிறது

அடிப்படைப் பார்சல் ஸ்கீமாவில், கண்ட ஃபீல்டும் வரக் கூடாது என்று 'அடிஷனல்பிராப்பர்ட்டீஸ்: ஃபால்ஸ்' போட்டிருப்பீர்கள். பிறகு ஆல்ஆஃப் மூலம் அதை எடுத்து, எடை, காப்பீடு என்று இரண்டு சேர்த்து 'எக்ஸ்பிரஸ் பார்சல்' செய்திருப்பீர்கள். ஆல்ஆஃப்பை இன்ஹெரிட்டன்ஸ் என்று நினைத்தால் இது புரியவே புரியாது. அதில் உள்ள ஒவ்வொரு ஸ்கீமாவும் முழு டேட்டாவையும் தனியாகச் சோதிக்கிறது. அடிப்படைப் பார்சலுக்கு எடை என்றால் என்னவென்றே தெரியாது; தெரியாத ஃபீல்டு வந்தது என்று தள்ளிவிடுகிறது. மறுபக்கமும் ஃபால்ஸ் போட்டிருந்தால், ஃபீல்டு உள்ள எந்த டேட்டாவாலும் இரண்டு வாசலையும் தாண்ட முடியாது.

பொதுவில் வைக்கும் ஸ்கீமாவில் அந்த வரியை எடுத்துவிடுங்கள். கட்டாயம் வேண்டும் என்றால், 3.1இல் வெளி ஸ்கீமாவில் மட்டும் 'அன்இவேலுவேட்டட்பிராப்பர்ட்டீஸ்: ஃபால்ஸ்' போடலாம், அது ஆல்ஆஃப் உறுப்புகள் எல்லாம் பார்த்து முடித்த பிறகு, யாரும் உரிமை கொண்டாடாத ஃபீல்டை மட்டும் தள்ளும்.

இதையொட்டி ஒரு வார்த்தை. அனுப்பும் வடிவமும் திரும்பி வரும் வடிவமும் ஐடியில் மட்டும் வேறுபட்டால், இரண்டு ஸ்கீமா செய்து ஆல்ஆஃப்பால் தைக்க வேண்டாம். ஐடிக்கு 'ரீட்ஒன்லி: ட்ரூ' கொடுத்து, ரிக்வயர்டு பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள். 3.0 தரப்படி அந்தக் கட்டாயம் பதிலுக்கு மட்டும்தான் பொருந்தும். வேறுபாடு நான்கைந்து ஃபீல்டைத் தாண்டிப் போகிறதா? அப்போது பகிர்வதையே விட்டுவிட்டு இரண்டாக எழுதுங்கள். நான் பகிர்ந்து வருத்தப்பட்டவை எல்லாம் ரிக்வெஸ்ட்-ரெஸ்பான்ஸ் ஜோடிகள்தான். எரர் வடிவம், பக்க எண் பாராமீட்டர், முகவரி ஆகியவற்றைப் பகிர்ந்து ஒருநாளும் வருந்தியதில்லை.

'பயன்படுத்தாத காம்பொனன்ட்' என்று செக்கர் சொல்கிறது

ஸ்பெக்ட்ரல், ரெடாக்லி என்ற செக்கர்கள் இரண்டில் ஒன்றைக் கோட் மெர்ஜ் ஆகும் முன் ஓடும்படி வைத்திருந்தால் மேலே சொன்னவற்றில் பாதி உங்கள் பிரவுசர் வரை வராது. ஓட்ட வேண்டியது உருவான ஜேசன்மேல். கமெண்ட் உள்ள கோப்புகள்மேல் அல்ல. யாரும் சுட்டாத வரையறைகளையும் அவை காட்டிக்கொடுக்கும். பார்த்ததும் அழிக்கக் கை பரபரக்கும். முதலில் டிஸ்கிரிமினேட்டர் (எந்த ஃபீல்டைப் பார்த்து ஸ்கீமாவைத் தேர்வது என்று சொல்வது) என்று ஒரு தேடல் போடுங்கள். தாய் ஸ்கீமாவில் டிஸ்கிரிமினேட்டர் இருந்து, பிள்ளை ஸ்கீமாக்கள் ஆல்ஆஃப் மூலம் தாயைச் சுட்டினால், பிள்ளைகளை நேராகச் சுட்டுபவர் யாரும் இருக்க மாட்டார்கள்; டேட்டாவில் வரும் பெயரை வைத்துத்தான் அவர்களைத் தேடுவார்கள். நான் அப்படி இரண்டு பிள்ளைகளை அழித்தேன். ஸ்வாகர் யூஐ பளிச்சென்று இருந்தது, செக்கரும் வாயை மூடிக்கொண்டது. மறுநாள் மொபைல் டீமில் இருந்து போன்: கிளையன்ட் கோடைத் திரும்ப உருவாக்கினோம், எக்ஸ்பிரஸ் பார்சல் கிளாஸைக் காணோமே, எங்கே போச்சு?